சாலவாக்கம் ஏரியை வானத்திலிருந்து எடுக்க மீடியம் ஃபார்மட் கேமரா வேணுமா?

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் பக்கம் பைக்கில் போயிருக்கீங்களா? ஏரி, நெல் வயல், மலையைக் குடையும் கல்குவாரி என எல்லாமே இருக்கும். ஆனால், தரையில் நின்றால் துண்டு துண்டாகத்தான் தெரியும். மதகிலிருந்து வாய்க்கால் எங்கே போகிறது, குவாரி எதுவரை வந்திருக்கிறது என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் ஒரே ஃப்ரேமில் புரியும். அந்த ஃப்ரேமுக்கு எந்த கேமரா?

அப்படி என்ன ஸ்பெஷல்?

மீடியம் ஃபார்மட் என்பது சென்சாரின் அளவு. கல்யாண போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் சென்சார் 36 x 24 மி.மீ. ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100 வகையில் 43.8 x 32.9 மி.மீ., 102 மெகாபிக்ஸல். குட்டி ட்ரோன்களின் சென்சாரைவிட சுமார் 20 மடங்கு பெருசு.

இதனால் ரெண்டு லாபம். காலை வெயிலில் தகதகக்கும் தண்ணீர், கரையோர மரத்தின் நிழல் இரண்டிலுமே விவரம் தொலையாது. அடுத்தது, நுணுக்கம். 200 மீட்டர் அகல வயலை 12 மெகாபிக்ஸலில் எடுத்தால், ஒரு பிக்ஸல் தரையில் 5 செ.மீ. 102 மெகாபிக்ஸலில் 1.7 செ.மீ.தான். முதல் படத்தில் வரப்பில் கிடக்கும் மண்வெட்டி ஒரு புள்ளி. அடுத்ததில் அது மண்வெட்டி!

கனடாவின் எட்வர்ட் பர்டின்ஸ்கி ஹாசல்பிளாட் கேமராவோடு வானத்திலிருந்து நீர்நிலைகளையும் சுரங்கங்களையும் எடுப்பது இதற்காகத்தான். அவர் படங்கள் சுவர் அளவுக்குப் பெரிதாகின்றன.

பறக்கவிடும் முன்...

கேமராவும் லென்ஸும் சேர்ந்தாலே ஒரு கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கும் ட்ரோனோடு சேர்த்து எடை 2 கிலோவைத் தாண்டிவிடும். அப்போ 2021 ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் 2 கிலோவுக்கு உட்பட்ட ட்ரோனுக்கு அது தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். ஆனால் டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பணும். பக்கத்தில்தான் வேடந்தாங்கல். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோனைக் கொண்டுபோகாதீங்க. கூட்டில் இருக்கும் பறவைகள் மிரண்டுவிடும்.

வெளிநாட்டிலிருந்து ட்ரோன் வரவழைக்கும் ஐடியா இருந்தால் மறந்துடுங்க. 2022 பிப்ரவரியிலிருந்து இறக்குமதிக்குத் தடை.

பட்ஜெட் வழி

சின்ன ட்ரோனை ஒரே இடத்தில் நிறுத்தி, கேமராவை மட்டும் திருப்பி, மூணு வரிசையில் மூணு மூணாக 9 படங்கள் எடுங்க. ஒவ்வொன்றும் அடுத்ததோடு 30 சதவிகிதம் ஒன்றன்மேல் ஒன்று விழணும். எக்ஸ்போஷரை லாக் பண்ணிடுங்க. சாஃப்ட்வேரில் ஒட்டினால் கிட்டத்தட்ட 70 மெகாபிக்ஸல் கிடைக்கும். காற்றில் ஆடும் பயிர், நகரும் மாடு இருந்தால் ஒட்டிய இடம் பிசிறடிக்கும். அதனால், காற்றில்லாத விடியற்காலைதான் சரியான நேரம்.

போனுக்கா, சுவருக்கா?

பெரும்பாலான போன் திரைகள் காட்டுவது சுமார் 2.5 மெகாபிக்ஸல்தான். இன்ஸ்டாவுக்கு மட்டும்தான் என்றால் மீடியம் ஃபார்மட் வீண் செலவு. 39 x 29 இன்ச் பிரின்ட் போடணும், ஜூம் பண்ணி ஒவ்வொரு வரப்பையும் பார்க்கணும் என்றால் வாடகைக்கு எடுக்கலாம்.

ஏரியைப் பராமரிக்க 'ஏரி வாரியம்' என்றே தனிக்குழு வைத்திருந்த ஊர் உத்திரமேரூர். 10-ம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டே அதற்குச் சாட்சி. இன்றைய சாட்சியை நீங்க உருவாக்கலாம். மழை முடிந்த டிசம்பரிலும் வெயில் கொளுத்தும் மே மாதத்திலும், அதே இடம், அதே உயரத்திலிருந்து எடுங்க. தேதியையும் உயரத்தையும் குறிச்சு வைங்க. பத்து வருஷம் கழித்து 'ஏரி சுருங்கிடுச்சா?' என்று யாராவது கேட்டால், காட்ட உங்களிடம் படம் இருக்கும்.