எழுத்துப் பலகையும் அந்தி ஒளியும்: லேசர் சிகிச்சைக்குப் பிந்திய பார்வை குறித்துச் சில குறிப்புகள்

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா நோக்கி மலைவளைவுகளூடே செல்லும் பாதையில் மாலை மூடுபனி இறங்கியதும், எதிர்வரும் வாகனத்தின் விளக்கு எவர் கண்ணுக்கும் சற்றே கலங்கித் தெரியும். கண்ணில் லேசர் சிகிச்சை பெற்ற சிலருக்கோ, பனியில்லா இரவிலும் விளக்கைச் சுற்றி வளையம் தோன்றும். அவர்களையே வைத்தியர் எழுத்துப் பலகையின் முன் நிறுத்தினால் கடைசி வரிவரை பிழையின்றி வாசிப்பர். பதிவேடு 'பார்வை நன்று' என்னும். நோயாளி 'சரியாகத் தெரியவில்லை' என்பார். இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூக்குக்கண்ணாடியைத் தவிர்க்கும் பொருட்டுச் செய்யப்படும் 'லேசிக்' சிகிச்சையின் தோற்றத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ரங்கசாமி சீனிவாசனுக்குப் பெரும் பங்குண்டு. ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம் ஆகியோரும் 1981ஆம் ஆண்டில், விருந்தில் எஞ்சிய வான்கோழியின் இழையத்தில் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தனர். அதன் புறஊதாக் கதிர், சூழவுள்ள பகுதியைக் கருக்காது இழையத்தை மெல்லிய படைகளாக அகற்றியது. கண்ணின் முன்புறத்தே கண்ணாடிபோல் அமைந்த கருவிழிப்படலத்தைச் செதுக்க இதுவே வழிவகுத்தது.

லேசிக்கில் அப்படலத்தின் மேற்படையை மடல்போலத் திறந்து, உட்புறத்தைச் செதுக்கி, மீண்டும் மூடுகின்றனர். செதுக்கப்படும் வட்டம் ஏறத்தாழ 6 முதல் 6.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. இருளில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீற்றருக்கு மேலும் விரியக்கூடும். அவ்வேளை வட்டத்தின் விளிம்பினூடே புகும் ஒளி வேறிடத்திற் குவிகிறது. விளக்கைச் சுற்றி வளையமும் கதிர்களும் தோன்றுகின்றன. இது ஒன்றே காரணமன்று. மடலைத் திறக்கையில் நுண்நரம்புகள் அறுபடுவதாற் கண் உலர்கிறது. கண்ணீர்ப்படை சீர்குலைய, பார்வையும் மங்குகிறது. பலருக்கு இவை சில மாதங்களிற் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும்.

இது நோயாளியின் மனப்பிரமையன்று என்பதற்குச் சான்றுண்டு. அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் கடற்படையினர் 262 பேரையும் பொதுமக்கள் 312 பேரையும் கொண்டு நடத்திய ஆய்வுகளின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. முன்னர் எத்தொல்லையும் இல்லாதிருந்தோரில் 40 வீதத்துக்கு மேற்பட்டோர், மூன்றாம் மாதத்தில் ஏதேனுமொரு புதிய பார்வைத் தொல்லையைக் குறிப்பிட்டனர். அன்றாட வேலைக்குப் பெரும் இடையூறு நேர்ந்தோர் 1 வீதத்துக்கும் குறைவு. முன்பிருந்த தொல்லை நீங்கியோரும் உளர். எனினும் ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. வைத்தியரிடம் வாய்விட்டுச் சொன்னோரிலும் இருமடங்குக்கு மேற்பட்டோர் தம் தொல்லையை வினாக்கொத்தில் எழுதினர். கேட்கப்படாதபோது நோயாளி மௌனியாகிறார்.

லேசிக் பணங்கொடுத்துப் பெறும் சிகிச்சை. தோட்டத் தொழிலாளி ஒருவர் லேசரைச் சந்திப்பாராயின், நீரிழிவு போன்றதொரு நோயின் வழியாகவே சந்திக்கும் வாய்ப்பு அதிகம். நீரிழிவு முற்றி விழித்திரையிற் புதுக்குருதிக் குழாய்கள் முளைக்கையில், திரையின் ஓரப்பகுதிகளை லேசராற் சுட்டு நடுப்பார்வையைக் காக்கின்றனர். கடும் பார்வையிழப்பை இது பாதிக்கு மேற் குறைக்கும் என்பதை 1976இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. ஆகவே இதனை மறுத்தல் தகாது. ஆயினும் மங்கிய ஒளியிற் காண உதவும் கலங்கள் பெரிதும் அவ்வோரங்களிலேயே உள்ளன. பக்கப்பார்வையும் இருட்பார்வையும் ஓரளவு குறைதல் இச்சிகிச்சைக்கு நாம் கொடுக்கும் விலையாகும்.

இரு சிகிச்சைகளும் வெவ்வேறு வர்க்கத்தாருக்கு உரியவையாயினும், இரண்டிலும் இழப்பு நேருமிடம் ஒன்றே: அரையொளி. அதனை எழுத்துப் பலகை அளப்பதில்லை. ஒல்லாந்து வைத்தியர் ஸ்னெலன் 1862இல் வகுத்த அப்பலகை, வெள்ளையிற் கறுப்பு எழுத்தை நல்லொளியில் வாசிக்கும் ஆற்றலை அளப்பது. வாசிப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு அது பொருந்தலாம். புலராப் பொழுதிற் பிரட்டுக்குப் புறப்பட்டு, சரிவில் அடிவைத்து, பச்சையினுள் இளம்பச்சையைப் பிரித்தறிந்து கொழுந்தெடுப்பவரின் பார்வைக்கு அது எங்ஙனம் முழு அளவுகோலாகும்? பார்வை உழைப்போடு பிணைந்தது. உழைப்பிலிருந்து பிரித்து அளக்கப்படும் பார்வை அரைகுறையானதே.

நிலவைச் சூழும் வளையத்தைப் பரிவேடம் என்றும் ஊர்கோள் என்றும் பெயரிட்ட மொழி எமது. நோயாளி தான் கண்டதைக் கூறச் சொல்லின்றித் தவிக்க வேண்டியதில்லை. சிகிச்சைக்கு முன்னரே 'இரவில் வேலை செய்பவரா? எந்த ஒளியில்?' என வினவுதலும், நேரக்கூடிய இழப்பை அவர் மொழியில் விளக்குதலும், பின்னர் அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே பதிதலும் வேண்டும். நோயாளியின் கூற்றும் ஓர் ஆதாரமே. அதனை ஏற்கும்போதுதான் பதிவேட்டிலுள்ள 'நன்று' என்பது முழுப்பொருள் பெறும்.