வீட்டில் ஓர் அத்தர்

பெருநாளுக்கு அத்தர் வாங்கும்போது போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. வீட்டில் செய்தால் அது தெரிந்துவிடும். 9ஆம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி, நறுமணம் தயாரிக்கும் 100க்கும் மேற்பட்ட முறைகளை நூலாக எழுதினார். வடித்தெடுக்கும் சிரமம் இன்று நமக்கில்லை. எண்ணெய்கள் சிறு போத்தல்களில் விற்பனைக்கு வருகின்றன. அளந்து கலப்பதே மீதி.

10 மில்லிலீற்றர் பாதாம் எண்ணெயில் (பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காயெண்ணெய்) சந்தன எண்ணெய் 6 துளி, தோடம்பழத்தோல் எண்ணெய் 3 துளி, கறுவா இலை எண்ணெய் 1 துளி விட்டுக் குலுக்கி, இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள். பூசியதும் முதலில் மணப்பது தோடம்பழம். அது விரைவில் ஆவியாகிவிடும். கடைசிவரை நிற்பது சந்தனம்தான்.

கறுவா ஏன் ஒரே துளி? நமது நாட்டுப் பொருள் என்பதால் கை தாராளமாகப் போகும். அதில் பெருமளவு இருப்பது யூஜினோல். பல்வலிக்குக் கராம்பு எண்ணெய் வைத்தால் விறைக்கிறதே, அதே பொருள். கூடினால் தோல் எரிந்து சிவக்கும். ஆகவே கறுவா இலை சேர்த்தால் கராம்பு வேண்டாம். கறுவாப்பட்டை எண்ணெய் இன்னும் கடுமையானது. அதைத் தொடவே வேண்டாம். தேசிக்காய்த் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயிலும் கவனம் தேவை: அதைப் பூசிக்கொண்டு இறக்காமத்து வெயிலில் நடந்தால் கொப்புளம் வரலாம்.

‘இயற்கைதானே’ என்று உடனே தங்கைக்குப் பூசிவிடாதீர்கள். உங்கள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அந்த அத்தரைப் பஞ்சில் நனைத்துச் சிறு கிண்ணத்தில் அலுமாரி மூலையில் வைக்கலாம், மணம் வீணாகாது.