என்பும் மூட்டும் தசையும்

நூலகத்தில் ஒரு நூலை எடுத்துப் புரட்டும்போதும், மாடிப்படி ஏறும்போதும், எதிர்ப்படும் நண்பருக்குக் கை நீட்டும்போதும் நம் உடம்புக்குள் நிகழ்வது யாது என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எலும்பு, மூட்டு, தசை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணைநிற்பதாலேயே இச்செயல்கள் இயலுகின்றன. எலும்பைப் பழந்தமிழ் ‘என்பு’ எனக் குறித்தது. திருக்குறளிலும் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. அந்த என்பை உயிரற்ற தாங்குகோலாகவே நம்மில் பலர் கருதுகின்றனர். அஃது உயிருள்ள உறுப்பு என்பதையும், இயக்கமே அதன் காவல் என்பதையும் இங்கே காண்போம்.

எலும்பைப் பற்றிய அறிவு எளிதில் வாய்த்ததன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன், விலங்குகளின் உடல்களை அறுத்து ஆய்ந்து எழுதியவற்றையே மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முடிந்த முடிபாகக் கொண்டிருந்தது. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவர் கூற்று. எகிப்தில் 1200ஆம் ஆண்டு தொடங்கிக் கொடும்பஞ்சம் நிலவியது. அப்போது அங்கிருந்த பாக்தாத் அறிஞர் அப்துல் லத்தீஃப் (1162-1231), கெய்ரோவை அடுத்துக் குவிந்து கிடந்த மனித எலும்புகளைத் தாமே எடுத்து ஆராய்ந்தார். எந்தத் தாடையிலும் இணைப்பைக் காணவில்லை. காலனின் சொல்லைவிடக் கண்கண்ட சான்றே மேலானது என்று துணிந்து எழுதினார். பிறக்கும்போது இரு பாதிகளாக உள்ள தாடை, முதல் ஆண்டிலேயே ஒன்றாகிவிடுகிறது என்பதை இன்று நாம் அறிவோம்.

இவ்வாறு இணைவது தாடை மட்டுமன்று. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பல வளர வளர ஒன்றிணைவதால், வளர்ந்தோர்க்கு 206 எலும்புகளே எஞ்சுகின்றன. மிக நீண்டது தொடை எலும்பு. மிகச் சிறியது செவிக்குள் இருக்கும், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவுள்ள அங்கவடி எலும்பு.

எலும்பின் உறுதிக்குக் காரணம் என்ன? ஒரு கோழிக்கால் எலும்பைக் காடியில் சில நாள் ஊறவைத்தால் அது வளையும் தன்மை பெறுகிறது. சுண்ணாம்புச் சத்து கரைந்துபோக, கொலாஜன் என்னும் புரத இழைகள் எஞ்சுவதே இதற்குக் காரணம். மற்றோர் எலும்பை நன்றாகச் சுட்டெடுத்தால் புரதம் எரிந்து, எலும்பு எளிதில் நொறுங்குகிறது. கான்கிரீட்டில் கம்பியும் சிமெண்டும் சேர்ந்தாற்போல, எலும்பில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்துள்ளன. ஆனால் கான்கிரீட் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதில்லை, எலும்பு புதுப்பித்துக்கொள்கிறது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் ஓயாது பணிபுரிகின்றன. முறிந்த எலும்பு கூடுவதும் இத்திறத்தாலேயே ஆகும்.

எலும்புகள் கூடுமிடமே மூட்டு. தோளிலும் இடுப்பிலும் உள்ள பந்துக்கிண்ண மூட்டு எல்லாத் திசையிலும் அசையும். முழங்கை மூட்டு, கதவின் கீல்போல மடங்கி நிமிரும். நாம் ‘இல்லை’ எனத் தலையாட்டுவதற்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையேயுள்ள சுழல்மூட்டு உதவுகிறது. இத்தகைய மூட்டுகளில் எலும்பின் முனைகளைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது; இடையே முட்டையின் வெண்கரு போன்ற வழவழப்பான நீர் உள்ளது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது அது பஞ்சுபோல அழுந்தி விரிந்து, அந்நீரிலிருந்தே பெரும்பாலும் ஊட்டம் பெறுகிறது. எனவே, அசையாத மூட்டு ஊட்டம் குன்றிய மூட்டு எனலாம்.

எலும்பை அசைப்பது தசை. நம் உடலில் 600க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் உள்ளன. ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றினூடே ஒன்று நழுவுவதால் தசை சுருங்குகிறது என்னும் உண்மை 1954ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. தசைக்கு இழுக்கத் தெரியும்; தள்ளத் தெரியாது. ஆகவே அவை இணைகளாக இயங்குகின்றன. கையை மடக்க முன்புறத்து இருதலைத் தசை சுருங்குகிறது. நீட்டப் பின்புறத்து முத்தலைத் தசை சுருங்குகிறது. இருதலைத் தசை முழங்கைக்கு மிக அருகிலேயே எலும்பைப் பற்றியிருப்பதால், கையில் ஒரு கிலோ எடையை ஏந்த அது ஏழெட்டு மடங்கு விசையுடன் இழுக்க வேண்டியுள்ளது. இதற்கு ஈடாக, தசையின் சிறு சுருக்கமே கையை விரைவாகவும் நெடுந்தொலைவும் நகர்த்திவிடுகிறது.

தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது என ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் நூல் எழுதி விளக்கினார். எடையற்ற விண்வெளியில் வாழ்வோர், பயிற்சியும் காப்பும் இல்லையெனில், இடுப்பு எலும்பின் திண்மையில் மாதந்தோறும் ஏறத்தாழ 1 விழுக்காட்டை இழக்கின்றனர். நெடுநாள் படுக்கையில் கிடப்போர்க்கும் எலும்பும் தசையும் தேய்கின்றன.

இங்கே நம் இல்லங்களை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதியோரிடம் “நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிறோம். அன்பினால் சொல்வதுதான், ஆயினும் நாள் முழுதும் அமர்ந்திருப்பவரின் கால் தசைகள் மெலிகின்றன, நடை தளர்கிறது, ஒரு சிறு தடுமாற்றம் இடுப்பு எலும்பு முறிவில் முடிகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்வு விரைந்து நிகழ்வதால், நம் தாய்மார்பால் கூடுதல் கவனம் தேவை. மருத்துவர் தடுக்காதவரை அவர்களை நடக்க விடுவதும், உடன் நடப்பதும், வழுக்கும் குளியலறையில் பிடிமானம் அமைப்பதுமே மெய்யான பணிவிடையாகும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். முப்பது வயதளவில் எலும்பின் திண்மை உச்சத்தை எட்டுகிறது. பின்னர் சேமிப்பிலிருந்தே செலவு நடைபெறுகிறது. விளையாட்டும், வெயிலும், பாலும், கேழ்வரகும், நெத்திலி மீனும் இன்று நாம் இடும் சேமிப்பாகும்.

உலர்ந்த எலும்புகளைக் கையிலெடுத்து ஆய்ந்து அப்துல் லத்தீஃப் ஓர் உண்மையைக் கண்டார். உயிருள்ள எலும்புகளைச் சுமந்து திரியும் நாம், அவற்றைச் சோம்பலால் இழந்துவிடாது காப்போமாக!