அரியூர்த் தொழிலாளியின் போன் நம்பர் யாருக்குச் சொந்தம்?



விழுப்புரம் ரோட்டில் அரியூரில் இறங்குங்கள். கரும்பு வெட்டிவிட்டுக் கரையேறும் எந்தத் தொழிலாளியின் மடியிலும் ஒரு செல்போன் இருக்கும். அந்த நம்பரை அவர் ஆதாருக்குக் கொடுத்தார். ரேஷன் அரிசிக்குப் பதில் பாங்கில் பணம் போடுகிறோம் என்றார்கள், அதற்கும் கொடுத்தார். காஸ் சிலிண்டருக்கும் கொடுத்தார். ஆசைப்பட்டா கொடுத்தார்? கொடுக்காவிட்டால் வீட்டில் உலை ஏறாது!

2021 ஏப்ரல் 6-ந் தேதி புதுவைச் சட்டமன்றத் தேர்தல். அதற்குச் சில வாரங்கள் முன்பு, பாரதீய ஜனதாவின் வாட்ஸ்அப் குழுக்களில் சேரச் சொல்லி வாக்காளர்களின் போன்களுக்குச் செய்திகள் வந்தன. ஆதாருடன் இணைத்த நம்பர்களுக்கு மட்டுமே வந்தன என்று ஜனநாயக வாலிபர் சங்கத்தின் புதுவைத் தலைவர் சென்னை ஐகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். எங்கள் ஊழியர்கள் திரட்டிய நம்பர்கள் என்றது அந்தக் கட்சி. (பழைய நாளில் ஓட்டுக் கேட்க வருகிறவன் வாசற்படியாவது ஏறினான்!) தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜியும் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தியும் இது லேசான குற்றச்சாட்டல்ல, விசாரிக்க வேண்டியது என்றனர். ஆதார் ஆணையத்திடமும் விளக்கம் கேட்டனர்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-லேயே, புட்டசாமி வழக்கில், ஒரே குரலில் தீர்ப்பளித்துவிட்டார்கள். அந்த உரிமையைக் காக்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேற ஆறு ஆண்டுகள் ஆயின. 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

வந்த சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். நம் விவரங்களைக் காக்கத் தவறும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்கக் காதுக்கு இனிக்கிறது! அந்தப் பணம் யாருக்கு? மத்திய சர்க்கார் கஜானாவுக்கு. விவரம் களவுபோன தொழிலாளிக்குச் செம்புக்காசு கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு நஷ்டஈடு கேட்க வழி வைத்திருந்தது. அந்தப் பிரிவையே நீக்கப் புதிய சட்டம் வகை செய்துவிட்டது. ஆனால் அற்பமான புகார், பொய்ப் புகார் கொடுத்தார் என்று முடிவானால் அதே தொழிலாளிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எத்தனை நாள் கூலி அது?

சர்க்காரின் கதையோ தனி. தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டித் தன் இலாகா எதையும் இச்சட்டத்திலிருந்து மத்திய சர்க்கார் விலக்கிக்கொள்ளலாம். புகாரை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே சர்க்கார்தான். கேட்டவனுக்குத் தீர்ப்பு யாரிடம்?

அந்தரங்கத்தின் பெயரைச் சொல்லித் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவையும் குறுக்கிவிட்டார்கள். பொதுநலன் கருதி ஓர் அதிகாரியின் விவரத்தை வெளியிட அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. இந்தக் குறுக்கல் 2025 நவம்பரில் விதிகள் வெளியானதுமே அமலுக்கு வந்தது. கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கோ 18 மாதத் தவணை!

கரும்பு வெட்டுகிறவருக்கு ரேஷன் கடையில் யாரும் தவணை கொடுத்ததில்லை. ஆதாரைக் காட்டு என்றார்கள், அன்றே காட்டினார்.