மூடிய அறையில் காளான் வளர்க்க முன்னர் காற்றுக்கும் ஒரு கணக்குப் போடுங்கள்

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எம்மவர்கள் கூடும் இடங்களில் காளான் வளர்ப்புப் பற்றிய பேச்சு அவ்வப்போது எழும். வீட்டுக் கராஜ் சும்மா கிடக்கிறது, வேலை முடிந்து வந்து கவனிக்கலாம், கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் தொடங்குவார். விதை என்ன விலை, ஒரு கிலோ எவ்வளவுக்குப் போகும் என்று மற்றவர்கள் கேட்பார்கள். அறைக்குள் காற்றை மாற்ற எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர் அரிது. நான் கணக்கு வேலை செய்பவன். ஒரு தொழிலின் செலவுப் பட்டியலில் எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று தேடுவது எனது பழக்கம். இந்தத் தொழிலில் விடுபடும் வரி பெரும்பாலும் காற்றுத்தான்.

சிட்னிக்கு மேற்கே, நீலமலை அடிவாரத்தில் கிளென்புறூக் என்ற ஊரில் ஒரு பழைய புகையிரதச் சுரங்கம் இருக்கிறது. 1892இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 660 மீற்றர். ஏற்றம் கடுமையானது, நீர் கசிந்து தண்டவாளம் எப்போதும் ஈரமாக இருந்தது, சில்லுகள் வழுக்கி வண்டிகள் உள்ளேயே நின்றன. காற்றோட்டம் போதாததால் புகையில் மூச்சுத்திணறல் ஏற்படும் என்ற அச்சமும் இருந்தது. 1913இல் வேறு பாதை அமைத்து அதைக் கைவிட்டார்கள். பின்னர் அதே சுரங்கத்தில் காளான் வளர்த்தார்கள். சிட்னிக்குத் தென்மேற்கே மிற்றகொங்கிலும் இப்படிக் கைவிடப்பட்ட ஒரு புகையிரதச் சுரங்கம் காளான் பண்ணையாகியிருக்கிறது.

சுரங்கத்தை ஏன் தேடினார்கள்? மண்ணும் கல்லும் வருடம் முழுவதும் குளுமையையும் ஈரத்தையும் இலவசமாகக் கொடுத்தன. தகரக் கதவு போட்ட கராஜில் அந்த இரண்டையும் நாம் மின்சாரத்தால் வாங்க வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். கீரை, தக்காளி போன்ற பச்சைத் தாவரங்கள் வெளிச்சத்தில் காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றன. வெளிக்காற்றில் 10 இலட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு அந்த வாயு உண்டு. மூடிய அறையில் செடிகள் அதை விரைவில் குறைத்துவிடும். அதனால் அத்தகைய அறைகளில் சிலிண்டரிலிருந்து வாயுவை விட்டு 800 முதல் 1,000 பங்கு வரை உயர்த்துவார்கள். காளானுக்கு ஒளித்தொகுப்பு இல்லை. அது எங்களைப் போல ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. ஆகவே செடி அறையில் வாயுவைச் சேர்க்க வேண்டும்; காளான் அறையில் அகற்ற வேண்டும்.

அகற்றுவதற்கும் காலம் உண்டு. சாதாரண வெள்ளை மொட்டுக் காளானை எடுத்துக்கொள்வோம். வெள்ளை நூல் போன்ற இழைகள் உரப்படுக்கையில் பரவும் நாட்களில் அறை 24, 25 பாகை செல்சியஸில் இருக்கலாம். காபனீரொட்சைட்டு 5,000 பங்கைத் தாண்டினாலும் பயிருக்குப் பாதகமில்லை. மொட்டு வைக்கும் கட்டத்தில் வெப்பநிலையை 17, 18 பாகைக்கு இறக்கி, புதிய காற்றை விட்டு, வாயுவைச் சுமார் 1,000 பங்குக்குக் கொண்டுவர வேண்டும். ஈரப்பதன் 90 வீதத்தை அண்டியிருக்க வேண்டும். குளிரும் புதிய காற்றும் சேர்ந்து வரும்போதுதான் இழைகள் காளானாக மாறத் தொடங்கும். சிப்பிக் காளான் இன்னும் நுணுக்கமானது. வாயு கூடினால் தண்டு நீண்டு, குடை சிறுத்துவிடும். அப்படிப்பட்டதைக் கடைக்காரர் வாங்கமாட்டார்.

இங்கேதான் பலர் ஏசி பூட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். வீட்டுச் சுவரில் பூட்டும் வழமையான ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. அது வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, காபனீரொட்சைட்டை வெளியேற்றுவதுமில்லை. அறை ஜில்லென்று இருக்கும், வாயு ஏறிக்கொண்டே போகும். குளிரூட்டலும் காற்றோட்டமும் வெவ்வேறு செலவுகள். ஆனால் ஒன்று கூடினால் மற்றதும் கூடும். உள்ளே விடும் ஒவ்வொரு கன மீற்றர் காற்றையும் மறுபடி குளிர்விக்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. 6 மீற்றர் நீளம், 3.5 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் உயரமுள்ள கராஜின் கொள்ளளவு சுமார் 50 கன மீற்றர். காளான் நிறைந்த நாட்களில் மணிக்கு 10 தடவை காற்றை மாற்றுவதாக வைத்தால் மணிக்கு 500 கன மீற்றர். ஒரு கன மீற்றர் காற்றை ஒரு பாகை குளிர்விக்கச் சுமார் 1.2 கிலோயூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். மெல்பேர்ணில் வடகாற்று வீசும் 40 பாகை நாளில் அறையை 18 பாகையில் வைத்திருக்க, காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 3.7 கிலோவாற் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். உரப்படுக்கையின் வெப்பமும் சுவர், கூரை வழியே வருவதும் இதற்கு மேல்.

சிட்னியில் 28 பாகைதானே என்று ஆறுதல் அடைய வேண்டாம். ஈரப்பதன் 70 வீதமுள்ள புழுக்க நாளில், காற்றைக் குளிர்விப்பதோடு மணிக்குச் சுமார் 3 லீற்றர் நீரையும் காற்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தைச் சேர்த்தால் அதுவும் 3.7 கிலோவாற்றுக்குக் கிட்ட வருகிறது. மெல்பேர்ணின் வறண்ட காற்றுக்கு நாம் ஈரம் ஊட்ட வேண்டியிருப்பதால், அந்த நீர் ஆவியாகும்போது கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும். சிட்னிக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏசி ஒரு பங்கு மின்சாரத்தில் சுமார் மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்தால், இந்தச் சுமைக்கு மணிக்கு 1.2 அலகு வரை போகும். உங்கள் மின்பட்டியலில் உள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள். செலவைக் குறைக்க வழியுண்டு. விசிறியை நேரத்தின்படி ஓடவிடாமல் காபனீரொட்சைட்டு அளவியுடன் இணைத்தால் தேவைப்படும்போது மட்டும் ஓடும். இரவின் குளிர்ந்த காற்றைக் கூடுதலாக எடுத்து, நண்பகலில் அளவி அனுமதிக்கும் மட்டில் குறைக்கலாம். சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு இடுவது முதல் வருடத்தில் பாரமாகத் தெரிந்தாலும் அடுத்த வருடங்களில் திரும்பி வரும்.

இனி உயிர்க்கணக்கு. அவுஸ்திரேலியாவில் எட்டு மணிநேர வேலைக்கான காபனீரொட்சைட்டின் சராசரி எல்லை 5,000 பங்கு. 15 நிமிடம் போன்ற குறுகிய நேரத்துக்கு 30,000 பங்கு. 40,000 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்து. இந்த வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். ஊரில் பாழ்கிணற்றில் இறங்க முன்னர் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையை இங்கே நம்பக்கூடாது. ஒட்சிசன் நன்றாகக் குறைந்தால்தான் சுடர் அணையும். சுடர் எரியும்போதே காபனீரொட்சைட்டு ஆளை வீழ்த்தும் அளவுக்கு ஏறியிருக்கலாம். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் அவரைத் தூக்க ஓடி இறங்காதீர்கள். முதலில் 000ஐ அழையுங்கள். காளான் வித்திகளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். அறுவடையின்போது முகக்கவசம் அவசியம்.

பண்ணைகளில் காளான் பறிக்கும் எம்மவர்களுக்கும் இது பொருந்தும். தலையிடி, மூச்சு வாங்குதல், காரணமில்லாத மயக்கம் ஏற்பட்டால் வெளியே வந்து, அளவியின் வாசிப்பு என்ன என்று கேளுங்கள். தற்காலிக விசாவில் இருப்பதால் கேட்கக்கூடாது என்று பலர் பேசாமல் இருக்கிறார்கள். வேலைத்தளப் பாதுகாப்புச் சட்டம் விசா பார்த்துப் பாதுகாப்பதில்லை. நியூ சவுத் வேல்ஸில் சேவ்வேர்க், விக்ரோரியாவில் வேர்க்சேவ் ஆகியவற்றிடம் எவரும் முறையிடலாம்.

சேமிப்பை இதில் போட நினைப்பவர்களுக்கு ஓர் ஆலோசனை. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் நகரசபை அனுமதியையும் வீட்டுக் காப்புறுதியையும் முதலில் விசாரியுங்கள். பிறகு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் காளான் இல்லாத வெறும் அறையை 18 பாகையிலும் தேவையான ஈரப்பதனிலும், காற்றை மாற்றியபடி, இரண்டு கிழமை ஓட்டிப் பாருங்கள். தினமும் மின்மானி வாசிப்பைக் குறித்து வையுங்கள். அந்தத் தொகையைக் கழித்தபின் இலாபம் மிஞ்சினால் மட்டும் விதை வாங்கப் போங்கள்.