கடன் பாக்கியும் நாட்டு ரகசியமும்

1953 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஐசனோவர், 10450 என்ற எண் கொண்ட ஆணையில் கையெழுத்திட்டார். அரசு வேலையில் யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று வகுத்த ஆணை அது. கம்யூனிஸ்ட் பீதி தலைக்கேறியிருந்த காலம். எந்தச் சங்கத்தில் உறுப்பினர், யாரோடு பழக்கம், மொடாக் குடியரா, படுக்கையறை விவகாரம் என்ன என்றெல்லாம் துருவினார்கள். ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காகவே ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டுத் துரத்தினார்கள். கடன் என்ற சொல் அந்தப் பட்டியலில் தனியாக இடம்பெறவே இல்லை.

கொள்கைக்காக நாட்டைக் காட்டிக்கொடுப்பவர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, கடனுக்காகக் காட்டிக்கொடுப்பவர்கள் வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்குள் தாங்களாகவே போனார்கள். 1967-இல் போன ஜான் வாக்கர் கடற்படைக்காரர். தென் கரோலினாவில் அவர் நடத்திய மதுக்கடை நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1980-இல் போன ரொனால்ட் பெல்டன் தேசியப் பாதுகாப்பு முகமையின் முன்னாள் ஊழியர். அதற்கு முந்தைய ஆண்டுதான் திவால் மனு கொடுத்திருந்தார். 1985 ஏப்ரலில் போனவர் சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ். விவாகரத்துச் செலவு ஒரு பக்கம், புது வாழ்க்கையின் ஆடம்பரம் இன்னொரு பக்கம். முதலில் அவர் கேட்டது 50,000 டாலர். அமெரிக்காவுக்குத் தகவல் சொல்லிவந்த ரஷ்யர்கள் பலர் அவரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏம்ஸோ 5,40,000 டாலர் ரொக்கம் கொடுத்து வீடு வாங்கினார், ஜாகுவார் காரில் அலுவலகம் வந்தார். பொய் கண்டறியும் சோதனையை இரண்டு முறை தாண்டினார். 1994-இல் கைதாகும்வரை ஒன்பது ஆண்டுகள் இது நடந்தது.

அந்த அதிர்ச்சிக்குப் பின் 1995-இல் அதிபர் கிளின்டன் 12968-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். பாலியல் நாட்டத்தை மட்டும் வைத்து ஒருவரைச் சந்தேகிக்கக் கூடாது என்றது அது. அதே ஆணைதான், ரகசியம் கையாள்வோரின் பணக் கணக்கைப் பார்க்கும் அதிகாரத்தையும் விரிவாக்கியது. ரகசியம் கையாளும் அனுமதியை யாருக்குத் தரலாம் என்று முடிவுசெய்ய இன்று நடைமுறையில் உள்ள 13 வழிகாட்டு விதிகளில் ஆறாவது விதி முழுக்கப் பணத்தைப் பற்றியது. கடனோடு, கணக்குக் காட்ட முடியாத திடீர்ச் செல்வத்தையும் அது சந்தேகிக்கிறது.

அந்த அனுமதிக்கான எஸ்எஃப்-86 என்ற விண்ணப்பத்தின் 26-ஆம் பகுதியை நிரப்பியவர்களுக்கு இதன் கனம் தெரியும். ஏழு ஆண்டுகளில் திவால் மனு கொடுத்தீர்களா? வரி கட்டாமல் விட்டீர்களா? ஏதாவது கடன் 120 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றதா? அனுமதி சிக்கலானால் ஒரு கடிதம் வரும். அதில் ஒவ்வொரு பாக்கியும் 1.ஏ, 1.பி, 1.சி என்று வரிசையாக இருக்கும். கார் கடன், கிரெடிட் கார்டு, சில நூறு டாலர் ஆஸ்பத்திரி பில் கூட. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று எழுத வேண்டும். பாதுகாப்புத் துறையின் தீர்ப்பாயம் இந்த வழக்குகளின் முடிவுகளைப் பெயரை மறைத்து வெளியிடுகிறது. அவற்றைப் படித்தால் ஒற்றர்களைக் காண முடியாது. வேலை போனவர், மணமுறிவில் வீட்டுக் கடன் தலையில் விழுந்தவர், வரிக் கணக்கைத் தள்ளிப்போட்டே வந்தவர், இவர்கள்தான் பக்கத்துக்குப் பக்கம்.

விதி இரக்கமற்றது என்று சொல்ல மாட்டேன். வேலையிழப்பு, நோய், விவாகரத்து, அநியாய வட்டிக்காரர்களின் வலை ஆகியவற்றைத் தணிக்கும் காரணங்களாக அது ஏற்கிறது. இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் அனுமதி இல்லை என்ற வரம்பும் கிடையாது. தவணை பேசி மாதாமாதம் கட்டிவருபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். மறைத்தவரும், கடிதம் வந்தபிறகு அவசரமாகக் கட்டத் தொடங்கியவரும்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் கடனுக்குக் காரணம் யார் என்ற கேள்வி இருக்கிறது. படைமுகாம் வாசல்களில் சம்பளத்தை அடமானமாக வைத்து ஆண்டுக்கு 400 சதவீதத்தை ஒட்டிய வட்டியில் பணம் கொடுக்கும் கடைகள் முளைத்திருந்தன. இருபது வயது சிப்பாய்கள் அதில் சிக்கினார்கள். அனுமதியை இழந்தவர்கள் உண்டு. 2006-இல்தான் படையினருக்கான கடன் வட்டிக்கு 36 சதவீத உச்சவரம்பு வைத்துச் சட்டம் வந்தது. அதற்கு முன் தண்டனை கடன் வாங்கியவனுக்கு மட்டுமே இருந்தது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

முன்பு மிகுரகசிய அனுமதி உள்ளவரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, ரகசிய அனுமதி உள்ளவரைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை விசாரித்தார்கள். இடையில் விழுந்தவர் எழுந்திருக்க அவகாசம் இருந்தது. இப்போது தொடர் கண்காணிப்பு. கடன் பதிவேட்டில் ஒரு பாக்கி ஏறினால் கணினி எச்சரிக்கை அனுப்பிவிடும்.

2025 இலையுதிர் காலத்தில் அமெரிக்க அரசு 43 நாள் முடங்கியது. அனுமதி வைத்திருந்த பல அரசு ஊழியர்களுக்கு அந்த நாட்களில் சம்பளம் வரவில்லை. வாடகையும் கார் தவணையும் நிற்கவில்லை. முந்தைய முடக்கத்தின்போது, 2019 ஜனவரியில், எஃப்பிஐ அதிகாரிகளின் சங்கம் இதைத்தான் எச்சரித்தது: சம்பளம் தடைபட்டால் தவணை தவறும், தவணை தவறினால் அனுமதிக்கே ஆபத்து. சம்பளத்தை நிறுத்தியது அரசு. அந்தக் காலத்தில் ஏறிய பாக்கியை எந்த ஊழியருக்கு எதிராகவும் எண்ணக் கூடாது என்று விதியிலேயே எழுதிவைக்க ஒரு வரி போதும்.