பைக்குள் ஒளிந்திருக்கும் கடுகு

சில பாலிதீன் பைகளின் வாய் இலேசில் பிரியாது. விரலை நாக்கில் தொட்டு, தேய்த்துத் தேய்த்துத் திறக்க வேண்டும். வேறு சில பைகளோ தொட்டவுடன் வழுக்கிக்கொண்டு திறந்துவிடும். இரண்டும் பாலிதீன்தானே, பின் ஏன் இந்த வேற்றுமை?

விஷயம் பாலிதீனில் இல்லை. அதோடு கலக்கும் சரக்கில் இருக்கிறது. குழம்புக்குப் பெருங்காயம் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

1933-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஐ.ஸி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பாஸெட், கிப்ஸன் என்ற இரு ரசாயன நிபுணர்கள் வேறு எதையோ தேடப்போய், மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் பொருளைக் கண்டார்கள். அதுதான் பாலிதீன். அதை மெல்லிய தாளாக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே சிலிக்கா அல்லது டால்க் பொடியைச் சிறிது சேர்க்கிறார்கள். தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டாகின்றன. இரு தாள்களுக்கும் நடுவே காற்று புகுந்துகொள்கிறது.

வழுக்குவதற்கு வேறொரு சரக்கு உண்டு. அதன் பெயர் எரூக்கமைடு. அது எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் கடுகின் நெருங்கிய உறவான ரேப் செடியின் விதை எண்ணெயிலிருந்து! ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தாலே போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது தாளுக்குள் அடங்கி இருப்பதில்லை. மெல்ல மெல்ல ஊர்ந்து மேற்பரப்புக்கு வந்து, மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதனால்தான் புதிதாகச் செய்த தாளைவிட, ஓரிரு நாள் ஆன தாள் அதிகம் வழுக்கும். காய்கறி மூடிய தாளில் நீர்த்துளி முத்து முத்தாகத் திரளாமல் தடுக்கும் சரக்கும் இப்படி வெளியே வந்துதான் வேலை செய்கிறது.

வெளியே வருவது உணவில் இறங்காதா? கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆகையால்தான் உணவு கட்டும் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு கிலோ உணவில் மொத்தம் 60 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக் கூடாது என்று இந்திய அரசின் 2018-ஆம் ஆண்டு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. சூடும், எண்ணெயும், நேரமும் சேரச் சேர, இறங்குவதும் அதிகமாகும்.

குப்பைக்கும் துணிமணிக்கும் என்று செய்த பையில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதை உணவை நினைத்து யாரும் பார்ப்பதில்லை. அதில் கொதிக்கும் சாம்பாரையோ, எண்ணெய் சொட்டும் பஜ்ஜியையோ போட்டு வாங்குவது என்ன நியாயம்? ஒரு முறை உபயோகித்து எறியும் பைகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தடை செய்தும், இந்தப் பழக்கம் அடியோடு ஒழிந்தபாடில்லை.

பருப்புக்கும் பாலுக்கும் அதற்கென்றே செய்த உறை இருக்கட்டும். சூடான சாம்பாருக்கு எவர்சில்வர் தூக்கே உத்தமம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை!